அப்பா கண்டுபிடித்த விளையாட்டு

ஜூன் 14, சனி

நான் விளையாட்டு வீராங்கனை ஆகப் போகிறேனாம். காலையில் மூன்றாவது இட்லிக்கும் காபிக்கும் நடுவே அப்பா அறிவித்துவிட்டார். பயிற்சிக் குறிப்பு எழுத என்று இந்த டைரியையும் கொடுத்தார். அவர் இதைத் திறந்து பார்க்க மாட்டார். அட்டை மேஜைமேல் தெரிந்தாலே அவருக்குத் திருப்தி. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அப்பா பெயர் செங்கோட்டுவேல். மின்வாரியத்தில் கணக்கீட்டாளர், அதாவது வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர். நான் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. என் மூளைக்கு அந்த மார்க் வராது என்பதும் அவர் கணக்குத்தான். ஆகவே விளையாட்டு ஒதுக்கீடு. ஆபீசில் யாரோ ஒருவருடைய பெண் வாள் சண்டை போட்டு சீட்டு வாங்கிவிட்டாளாம்.

"ஓட்டம்னா நூறு பேரு வருவாளுக. வாலிபால்னா கேக்கவே வேண்டாம். சங்கிலிக் குண்டுக்கு நம்ம மாவட்டத்துல போன வருசம் ஒரே ஒரு பொண்ணுதான் கண்ணு வந்திருக்குது. நீ சும்மா எறிஞ்சாலே ரெண்டாவது எடம்!"

இரும்புக் குண்டு ஒன்று, அதில் ஒரு கம்பி, கம்பி முனையில் கைப்பிடி. பிடித்துச் சுழற்றி விட்டெறிய வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆதி மனிதன்கூட இதைவிட உருப்படியாக ஏதாவது செய்திருப்பான்.

எட்டாவது படிக்கும்போது தெருவில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த என்னை, "பெரிய மனுசி ஆயிட்ட, தெருவுல என்ன குதியாட்டம்" என்று உள்ளே இழுத்து வந்து மட்டையைப் பரண்மேல் போட்டவர்களும் இதே ஆட்கள்தான். இப்போது குதிக்கலாம். சீட்டு இருக்கிறது.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அதை எறிஞ்சா தோள்பட்டை எறங்கிடாதுங்களா?" அப்பா முறைத்தார். அம்மா முட்டை வேக வைக்கப் போய்விட்டாள். நாமக்கல்லில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் முட்டைக்கு வராது.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடத்தில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்களுக்கு விளையாட்டு டீச்சர் உண்டு, விளையாட்டுதான் கிடையாது. பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாடகை கொடுக்காமல் வைத்திருக்கிறார். ஜெபக்கனி மிஸ் தூத்துக்குடிப் பக்கம். கோ-கோ ஆடியவராம். இங்கே அவர் வேலை, சுதந்திர தினத்துக்கு எங்களை உயர வரிசையில் நிறுத்துவது. சங்கிலிக் குண்டு என்றதும் திருதிருவென்று விழித்தார்.

"ஏ பிள்ள, எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. போன்ல பாத்துப் படிச்சுக்கிடுவோம்" என்றார்.

குருடரிடம் வழி கேட்ட கதையாக இருக்கிறது.

ஜூலை 2, புதன்

உள்ளங்கையில் கொப்புளம். அப்பா அதை போட்டோ எடுத்து அவருடைய அக்காவுக்கு அனுப்பினார்.

ஜூலை 20, ஞாயிறு

தினமும் விடியுமுன் அப்பா என்னை பைக்கில் மாவட்ட மைதானத்துக்குக் கூட்டிப் போகிறார். மடக்கு நாற்காலி ஒன்று வாங்கியிருக்கிறார். மப்ளர் சுற்றிக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பார், ஏதோ மாநாட்டுக்குத் தலைமை தாங்குவதுபோல. நான் வலைக்கூண்டுக்குள் நின்று சுற்றுகிறேன். குண்டு இடப்பக்கம் போய் வலையில் மோதுகிறது, வலப்பக்கம் போய் வலையில் மோதுகிறது. இன்று பின்பக்கமே போனது.

அங்கே நடக்க வருகிற பெரிய மனிதர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எல்லாரும் சர்க்கரை, பிரஷர், பெருந்தொந்தி. அதில் ஒருவர், "ஏங்க, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இது?" என்றார்.

"சீட்டுக்குங்க" என்றார் அப்பா.

"ஓகோ!" உடனே எல்லாரும் தலையாட்டினார்கள். சீட்டுக்கு என்றால் பொம்பளைப் பிள்ளை மலையைக்கூடப் பெயர்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் தெளிவாகச் சொன்னேன். எனக்கு இது பிடிக்கவில்லை, உங்களுக்காகத்தான் போகிறேன். "தெரியும் கண்ணு, கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் அப்பா. அம்மாவிடமும் சொன்னேன். வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று ஒன்று நடந்தது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் மைதானத்துக்கே வந்துவிடும் ஜெபக்கனி மிஸ் வழக்கம்போல போனைப் பார்த்துப் பார்த்து, "இழுக்காதட்டி, அது ஒன்ன இழுக்கட்டும், நீ உக்காந்து குடு" என்று கத்திக்கொண்டிருந்தார். என்ன அர்த்தமோ என்று கோபத்தில் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து சுற்றினேன். இரண்டாவது சுழற்சியில் குண்டு கனமே இல்லாமல் போயிற்று. கை எங்கே, கம்பி எங்கே என்று தெரியவில்லை. விட்டேன். சத்தமே இல்லை. குண்டு போய்க்கொண்டே இருந்தது. விழுந்த இடத்தில் மண் எழும்பியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

பௌதிகம். வேறொன்றுமில்லை.

அப்பா ஆபீசுக்கு நேரமாயிற்று என்று பைக்கை உறுமவிட்டுக்கொண்டே இருந்தார். "கடைசியா ஒண்ணு" என்று எறிந்தேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அவருக்கு ஆபீசில் திட்டு விழுந்ததாம். ஆரம்பித்தவர் அவர்தானே, அனுபவிக்கட்டும்.

ஆகஸ்ட் 23, சனி

மாவட்டப் போட்டி. மொத்தம் மூன்று பேர். அதில் ஒருத்தி பூப்பந்து ஆட வந்தவள், பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள். நான் இரண்டாவது.

முதலாவது, அப்பா சொன்ன அந்த 'ஒரே ஒரு பொண்ணு'. பரமத்தி வேலூர் அஃப்ரோஸ். ஒல்லியாக இருக்கிறாள், எறிந்தால் குண்டு பயந்து ஓடுகிறது. அவளோடு குடும்பமே வந்திருந்தது. அம்மா, சித்தி, தம்பிகள், புளிச்சோறு. அவள் அம்மா பர்தாவோடு வெயிலில் நின்று, "அடி விளாசு அஃப்ரோஸு!" என்று போட்ட கூச்சலில் நடுவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு எறிக்கும் ஓடிப்போய்க் குண்டைத் தூக்கி வருவதும் அந்த அம்மாதான்.

என்னவொரு நாகரிகம் இல்லாத குடும்பம்.

எங்கள் பக்கத்தில் அப்பா மட்டும், நாற்காலியோடு. அம்மா வரவில்லை. நான் கூப்பிடவுமில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ருக்குமணி அத்தை ராசிபுரத்திலிருந்து வந்து இறங்கியிருக்கிறாள். அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு நினைத்தால் இங்கே வந்து மாதக்கணக்கில் இருப்பாள். நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீட்டைத் தணிக்கை செய்வாள்.

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏண்டா செங்கோடா, நீ பொண்ணு வளக்கறயா, பொலிகாளை வளக்கறயா? கரிக்கட்டையாட்டம் கறுத்துப் போயிட்டா. நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள்.

"ஒரு சர்டிபிகேட் வர்ற வரைக்குந்தான்க்கா. அப்பறம் நிறுத்திட்டா தோளெல்லாம் தானா சுருங்கிப் போகும்" என்றார் அப்பா. என் தோள் ஏதோ மழைக்கு ஊறிய கதவு மாதிரி.

சாயங்காலம் பார்த்தால், பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாவற்றுக்கும் தோள் தையலைப் பிரித்து அம்மா பெரிதாக்கித் தைத்திருக்கிறாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் எப்போதுதான் சொன்னாள்? சட்டை இப்போது சரியாக இருக்கிறது. கையைத் தலைக்குமேல் தூக்க முடிகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

அஃப்ரோஸ் ஞாயிறுதோறும் எங்கள் மைதானத்துக்கு வருகிறாள். அவள் ஊரில் வலைக்கூண்டு இல்லை. காலை எப்படித் திருப்ப வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுக்கிறாள். போட்டிக்காரிக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே என்ற அறிவுகூட இல்லை.

"எனக்கு இதெல்லாம் புடிக்காது. எங்கப்பாவுக்காக வர்றேன்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப ஏண்டி நான் போன பிறவு கூட எறிஞ்சுக்கிட்டே இருக்க?"

ஒல்லிப்பிச்சான். குண்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போனேன்.

அப்பா இப்போதெல்லாம் 'நாம' என்று பேசுகிறார். "நேத்து நாம நல்லா எறிஞ்சோம்." மனிதர் ஒரு நாளும் குண்டைத் தூக்கியதில்லை. நாற்காலியும் இப்போது மடங்கியே கிடக்கிறது. வலையைப் பிடித்துக்கொண்டு நின்று என்னோடு சேர்ந்து அவரும் தோளைத் திருப்புகிறார். நடக்க வரும் தொந்திகள் அவரைப் பார்த்துச் சிரிப்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் மானம் போகிறது.

நவம்பர் 8, சனி

திருச்சி. மாநிலப் போட்டி. இரண்டாவது இடம். அஃப்ரோஸ் மூன்றாவது.

எழுத்து கோணுகிறது. பஸ் குலுங்குவதால்.

முதல் இரண்டு பேர் தேசியப் போட்டிக்கு. போபால், டிசம்பரில். ஜெபக்கனி மிஸ் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு அழுதார். அவர் சேலையில் வியர்வை நாற்றம். அஃப்ரோஸின் அம்மா எனக்காகவும் கத்தினார்.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பா கேக் வாங்கி வந்தார். மேலே 'வாழ்த்துகள்' என்று எழுதச் சொன்னாராம், கடைக்காரன் ஒரு எழுத்தை விட்டுவிட்டான். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அனுப்பினார். சர்டிபிகேட்டை லேமினேட் செய்ய உடனே ஓடினார்.

திரும்பி வந்து என் தலையில் கை வைத்து, "போதும் கண்ணு. வேலை முடிஞ்சுது. இனி உன்னை ஒருத்தரும் காலைல எழுப்ப மாட்டாங்க. நிம்மதியாத் தூங்கு" என்றார்.

"போபால்?"

"அதெதுக்கு? சீட்டுக்கு மாநிலமே போதும், வெசாரிச்சுட்டேன். உனக்குப் புடிக்காததை இத்தனை நாள் செய்ய வெச்சதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பாவுக்காகச் செஞ்ச, மறக்க மாட்டேன்."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. நிஜமாகவே என்னை விடுதலை செய்துவிட்டதாக நினைக்கிறார். இப்படியும் ஒரு மனிதர் ஐந்து மாதம் பக்கத்திலேயே நின்று பார்த்தும் ஒன்றும் தெரியாமல் இருக்க முடியுமா? மீட்டர் பார்க்கிறாராம் மீட்டர்.

கேக் நன்றாக இல்லை.

நவம்பர் 12, புதன்

ஜெபக்கனி மிஸ் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். ருக்குமணி அத்தை நடு ஹாலில், தன் இடத்தில்.

"சார், மாநிலத்துல ரெண்டாவது வந்த பிள்ள. போபாலுக்குப் போவாட்டா எப்படி? நானே கூடப் போறேன். பொட்டப் பிள்ளையத் தனியா விட மாட்டேன்" என்றார் மிஸ்.

"நீங்க சொல்றது வாஸ்தவமுங்க மிஸ். ஆனா அடுத்த வருசம் பன்னெண்டாவது. பதினஞ்சு நாள் படிப்பு கெட்டுப்போகுமுங்க. நமக்கு வேண்டியது வந்திருச்சு."

அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, "அவளுக்கே புடிக்காதுங்க மிஸ். தெனமும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் போவா. இவருக்காகத்தான் எறிஞ்சா" என்றாள்.

"இருக்கற தோளு பத்தாதாக்கும்" என்றாள் அத்தை.

மிஸ் காபியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுட்டி. ஒனக்குப் போவணுமா, வேண்டாமா? எனக்கு ஒன் வாயால தெரியணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையின் உதட்டோரத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. அப்பா, "சொல்லு கண்ணு, யாரும் உன்ன வற்புறுத்த மாட்டோம்" என்றார்.

"எனக்கு இஷ்டமில்ல மிஸ்" என்றேன்.

மிஸ் எழுந்தார். "சரி" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து மாதமாகச் சொல்லிவந்ததைத்தான் இன்றும் சொன்னேன். பேச்சு மாறாதவள். பெருமைப்பட வேண்டிய விஷயம்.

மிஸ் குடித்த டம்ளரை நானே கழுவினேன். வெகுநேரமாக அதையே கழுவிக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொல்கிறாள். டம்ளர் அழுக்காக இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

அஃப்ரோஸ் போன் செய்தாள். என் இடத்துக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஏண்டி போகல? உங்க அப்பா விடலையா?"

"நான்தான் வேண்டாம்னேன்."

"பொய்யி."

"இல்ல, நெசமாத்தான்."

அப்புறம், "எனக்குச் சந்தோசமாவும் இருக்கு, அசிங்கமாவும் இருக்குடி" என்றாள். "நீ தூக்கிப் போட்டதை நான் பொறுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

நன்றாக எறி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டேன். அம்மா கூப்பிடவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

முட்டை நின்றுவிட்டது. ஏழு மணி வரை தூங்கலாம். நான் விடியுமுன்னே விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன். பக்கத்து அறையில் அப்பாவும் இருமிக்கொண்டு புரள்கிறார். ஹாலில் எழுந்து நடக்கிறார், பைக் சாவியை எடுக்கிறார், வைக்கிறார். வயதானால் தூக்கம் வராதாம்.

இன்று கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் தூக்கிப்போய் அடுப்படியில் வைத்தேன். காலிச் சிலிண்டரையும் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அம்மாவிடம், "அக்கா, பாப்பாவை ஏஜென்சிக்கு அனுப்புங்க" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

போபாலில் அஃப்ரோஸ் ஒன்பதாவது. மிஸ் வகுப்பு வாட்ஸப்பில் போட்டிருந்தார். தற்செயலாகக் கண்ணில் பட்டது. காலையிலிருந்து பதினைந்து முறை தற்செயலாகக் கண்ணில் பட்டது.

திருச்சியில் நான் எறிந்த தூரத்தை எறிந்திருந்தால் ஐந்தாவது. அதனால் என்ன? ஐந்தாவது வந்து யாருக்கு என்ன லாபம்?

டிசம்பர் 14, ஞாயிறு

மொட்டைமாடியில் துணி எடுக்கச் சொன்னாள் அம்மா. போனேன். அங்கே பழைய எண்ணெய் கேன் ஒன்று கிடந்தது. தண்ணீர் பிடித்து, கயிறு கட்டி, சும்மா ஒரு சுற்று சுற்றினேன். வெகு நாளைக்குப் பிறகு உடம்பு உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. நிறுத்தவில்லை. விடவும் முடியாது, விட்டால் எதிர்வீட்டு ஜன்னல் போய்விடும். சுற்றிக்கொண்டே இருந்தேன்.

நின்றபோது படிக்கட்டு வாசலில் அம்மா.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"இதுதான்."

"உடம்பு இறுகிக்கிச்சும்மா. அதான்."

"பொய் சொல்லாத" என்றாள். துணியை அவளே எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது, அப்பாவும் அத்தையும் உட்கார்ந்திருக்கையில், ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"மிதுலா, அந்தக் குண்டு எறியறது உனக்குப் புடிக்குமா, புடிக்காதா? அன்னைக்கி மிஸ்சுகிட்ட உனக்காக நான் பேசிட்டேன். இன்னைக்கி நீயே சொல்லு."

"இதென்ன கலாமணி, முடிஞ்சு போன கதைய..." என்று ஆரம்பித்தாள் அத்தை.

"நீங்க இருங்க அண்ணி."

அம்மா அத்தையை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தையும் கேட்டதில்லை போலிருக்கிறது, வாய் திறந்தபடியே நின்றது.

சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "புடிக்கும்."

"எப்பேருந்து?"

"ஆகஸ்ட்லருந்து."

அப்பாவின் கை இலைமேலேயே நின்றுவிட்டது. "அப்பறம் எதுக்குடி அந்த மிஸ் கேக்கறப்ப இஷ்டமில்லைன்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"எல்லாரும் என்னப் பாத்துச் சிரிப்பீங்க."

"நாங்க எப்பச் சிரிச்சோம்?"

சரியாக அப்போது அத்தை சிரித்தாள். "ரெண்டாவது எடம் வாங்கற வரைக்கும் மூக்கால அழுதுட்டு, இப்பப் புடிக்குதாமா!"

யாரும் கூடச் சிரிக்கவில்லை. அப்பாவின் முகம் சிவந்திருந்தது. தன்னை இத்தனை நாள் ஏமாற்றிவிட்டேன் என்ற கோபம். "முடிஞ்சது முடிஞ்சதுதான். பன்னெண்டாவது பரீட்சை வரைக்கும் குண்டும் கிடையாது, கல்லும் கிடையாது. நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றார்.

"நீங்க கூட்டிட்டுப் போவ வேண்டாமுங்க" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை நானும் அவளும் பஸ்சுல போறோம்."

"அப்ப காலைல டிபனு?"

"ரவை மேல் தட்டுல இருக்குது. உப்புமா கிண்டிக்கோங்க."

கண்ணில் தண்ணீர் வந்தது. ரசத்தில் மிளகு அதிகம்.

ஜனவரி 4, ஞாயிறு

அரையாண்டுத் தேர்வு, விடுமுறை, அம்மாவுக்குக் காய்ச்சல், எல்லாம் முடிந்து இன்றுதான் போனோம். பரண்மேல் கிடந்த குண்டைத் துணிப்பையில் போட்டு பஸ்சில் மடிமேல் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பையைக் காலால் நகர்த்தப் பார்த்து விரலைப் பிடித்துக்கொண்டார். அம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

அஃப்ரோஸ் வந்திருந்தாள். போபால் குளிர், ரயிலில் ஜெபக்கனி மிஸ் விட்ட குறட்டை, எல்லாம் சொன்னாள். ஒன்பதாவது வந்ததையும் அவளே சொன்னாள்.

"நான் போயிருக்கணும். இஷ்டமில்லைன்னு சொன்னது பொய்யி" என்றேன்.

"தெரியுமே" என்றாள். "எறி, பாக்கலாம்."

எறிந்தேன். முதலாவது வலையில். இரண்டாவதும் வலையில். மூன்றாவது, ஆரம்பத்தில் எறிந்ததைவிடக் கிட்டத்தில் விழுந்தது. கால் பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தொந்திகள் நின்று பார்த்தார்கள்.

"கேவலமா இருக்குடி" என்றாள் அஃப்ரோஸ்.

கேவலமாகத்தான் இருந்தது. இனி எந்த சர்டிபிகேட்டும் யாருக்கும் வேண்டாம். எறிந்தாலும் ஒன்றுதான், எறியாவிட்டாலும் ஒன்றுதான். எழுந்து மறுபடி எறிந்தேன். அம்மா வந்து பஸ் போய்விடும் என்று கையைப் பிடித்து இழுக்கும்வரை எறிந்தேன்.

வீட்டில் வாணலி கரிந்து கிடந்தது. அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எவ்வளவு போச்சு?"

சொன்னேன். பேப்பர் கீழே இறங்கியது.

"அவ்வளவுதானா?"

அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்டு எனக்கே பாவமாகிவிட்டது. "ரெண்டு மாசம் தொடாம இருந்தா அவ்வளவுதான் போகும்" என்றேன். பேப்பர் மறுபடி ஏறியது.

சாயங்காலம் அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் எத்தனை மணிக்குக் கெளம்பறீங்க?"

"அவளையே கேளுங்க" என்றாள் அம்மா.

கேட்கவில்லை. வாசலுக்குப் போய், அழுக்கே இல்லாத பைக்கைத் துடைக்க ஆரம்பித்தார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டால் என்ன, வாய் தேய்ந்துவிடுமா? கோழை. இந்த வீட்டில் அது பரம்பரை.

கடைசியில் நான்தான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

"அஞ்சரைக்குங்கப்பா" என்றேன்.

நிமிராமல், துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.